முழங்கால் மூட்டு மாற்றமும் சிறு கீறல் முறையும்

முன்னுரை

நான்கு காலில் நடக்கும் விலங்கு தன் உடல் எடையை நான்காகப் பங்கிட்டுக் கொள்கிறது. நிமிர்ந்து நடக்கத் தொடங்கிய மனிதனோ அவ்வெடை முழுவதையும் இரண்டு கால்களின் மேல் ஏற்றிவிட்டான். அதனால் அவன் கைகள் விடுதலை பெற்றன, கருவிகள் பிறந்தன, கலைகள் வளர்ந்தன. அந்த விடுதலைக்கு விலை கொடுத்து வருபவை நம் முழங்கால்கள்.

மூட்டுவலி என்னும் சொல் ஒலிக்காத வீடு இன்று அரிது. நான் வாழும் அவனியாபுரத்தில் மாலை நேரத்தில் திண்ணைகளைச் சுற்றி வந்தால், பேச்சு எங்கே தொடங்கினாலும் முழங்காலில் வந்து முடிவதைக் கேட்கலாம். ஒரு காலத்தில் வயல்களும் கண்மாய்களும் சூழ்ந்த ஊராக இருந்து, 2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த பகுதி இது. நாற்று நட்டும் களை பறித்தும் வாழ்ந்த தலைமுறை இன்று முதுமையை எய்தியுள்ளது. நகரத்துச் சாலைகளிலோ, "சிறு கீறல், குறைந்த வலி, விரைவில் நடக்கலாம்" என்னும் பொருள்பட விளம்பரப் பலகைகள் நிற்கின்றன. வலியோடு அவற்றைக் கடந்து செல்லும் முதியவர்க்கு அச்சொற்கள் வரம் போலத் தோன்றுவதில் வியப்பில்லை.

சிறு கீறல் முறை என்பது யாது? அது சொல்வதையெல்லாம் செய்யுமா? யாருக்கு ஏற்றது? இவ்வினாக்களுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். நான் மருத்துவம் பயில்பவன் அல்லன், இயற்பியல் மாணவன். ஆயினும் நெம்புகோல், கப்பி, உராய்வு, உயவு என நாம் வகுப்பறையில் தனித்தனியே படிக்கும் பாடங்கள் நான்கும் ஒருங்கே கூடும் இடம் முழங்கால். ஆகவே இப்பொருளைத் தொடும் துணிவு எனக்கு வந்தது.

மூட்டின் அமைப்பு

மேலே தொடை எலும்பு, கீழே கீழ்க்கால் எலும்பு, முன்புறம் முழங்கால் சில்லு. இம்மூன்றும் சந்திக்கும் இடமே முழங்கால் மூட்டு. எலும்பு எலும்போடு நேரே உரசுவதில்லை. ஒவ்வோர் எலும்பின் முனையையும் வழுவழுப்பான குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அதன் தடிமன் சில மில்லிமீட்டர்களே. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் இடையே பிறை வடிவக் குருத்துகள் இரண்டு மெத்தை போல அமைந்துள்ளன. மூட்டைச் சூழ்ந்துள்ள உறையில் சுரக்கும் நீர் எண்ணெய் போல நின்று உராய்வைக் குறைக்கிறது. பக்கங்களிலும் நடுவிலும் உள்ள இணைப்பு நார்கள் எலும்புகள் இடம் பெயராமல் இழுத்துப் பிடிக்கின்றன.

குருத்தெலும்பைப் பற்றி இரண்டு செய்திகளை நினைவில் கொள்ள வேண்டும். ஒன்று, அதற்கு இரத்தக் குழாய் இல்லை. எனவே தேய்ந்த பகுதி மீண்டும் பழைய நிலைக்கு வளர்வது அரிது. மற்றொன்று, அதற்கு நரம்பும் இல்லை; எனவே தேயத் தொடங்கும்போது வலி தெரிவதில்லை. வலி மிகுந்து மருத்துவரிடம் செல்லும் நாளில் தேய்வு பெரும்பாலும் நெடுந்தூரம் சென்றுவிட்டிருக்கும்.

முழங்காலைக் கதவுக் கீலோடு ஒப்பிடுவது வழக்கம். அது பாதி உண்மையே. கீல் ஓர் அச்சில் மட்டும் திரும்பும். முழங்காலோ மடங்கும்போதே உருளுகிறது, உருளும்போதே சறுக்குகிறது, சிறிது திருகவும் செய்கிறது. செயற்கை மூட்டைச் செய்ய முனைந்தவர்களுக்கு நெடுங்காலம் இடர் தந்தது இந்த மூவகை இயக்கமே.

மூட்டின் மேல் விழும் சுமை

அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் நடக்கும்போது அவர் முழங்காலின் மேல் விழும் சுமை எவ்வளவு? ஒரு காலில் நிற்கும் நேரத்தில் அறுபது கிலோ என்றுதான் பலரும் விடை சொல்வர். செயற்கை மூட்டுக்குள் அளவு கருவிகளைப் பதித்து ஜெர்மனியில் நடந்த ஆய்வுகள் வேறு விடை தந்தன. சமதளத்தில் நடக்கும்போது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு. படி இறங்கும்போது ஏறத்தாழ மூன்றரை மடங்கு. அதாவது அறுபது கிலோ மனிதர் படி இறங்குகையில் ஒரு முழங்கால் இருநூறு கிலோவுக்கு மேல் தாங்குகிறது.

இந்த மிகுதி எங்கிருந்து வருகிறது? ஏற்றப் பலகையின் நீண்ட முனையில் ஒரு சிறுவன் அமர்ந்தால், குறுகிய முனையில் அவனைவிடப் பன்மடங்கு எடையை வைத்தால்தான் பலகை சமநிலையில் நிற்கும். அப்போது நடுவிலுள்ள தாங்கு புள்ளி இரண்டு எடைகளையும் சேர்த்துச் சுமக்கும். முழங்காலிலும் அதுவே நிகழ்கிறது. உடல் எடை மூட்டின் நடுவே நேராக இறங்காமல் சற்று விலகி இறங்குகிறது. கால் மடங்கிச் சரிந்துவிடாமல் தடுக்கத் தொடையின் முன்புறமுள்ள நாற்றலைத் தசை மிகுந்த விசையோடு இழுக்கிறது. எடையும் இழுவிசையும் சேர்ந்து மூட்டை அழுத்துகின்றன. மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி என்பார்கள். குருத்தெலும்பின் நிலை அதுதான்.

இங்கே முழங்கால் சில்லின் பயன் விளங்கும். கமலை கட்டி நீர் இறைத்த நாளில் வடத்தைக் கிணற்று விளிம்பில் உரசவிடாமல் உருளையின் மேல் ஏற்றி இழுத்தார்கள் அல்லவா? நாற்றலைத் தசையின் நாண் ஒரு வடம். சில்லு அதனைத் தாங்கும் உருளை. அது நாணை எலும்பிலிருந்து சற்றுத் தள்ளி நிறுத்துவதால் குறைந்த விசையிலேயே காலை நீட்ட முடிகிறது. இந்தத் தசையையும் நாணையும் வாசகர் நன்கு மனத்தில் கொள்க. சிறு கீறல் முறையின் முழுக்கதையும் இவற்றைச் சுற்றியதே.

தேய்வும் வளைவும்

முதுமை, உடற்பருமன், இளமையில் பட்ட காயம், பரம்பரை ஆகியவை மூட்டுத் தேய்வின் முதன்மைக் காரணங்கள். பெண்களுக்கு, குறிப்பாக மாதவிலக்கு நின்ற பின்னர், இது மிகுதியாக வருகிறது. இடுப்பு மூட்டின் நடுவிலிருந்து கணுக்காலின் நடுவுக்குக் கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பது போல ஒரு நேர்கோடு இட்டால், நல்ல காலில் அது முழங்காலின் நடுவே செல்லும். உட்பக்கக் குருத்தெலும்பு தேயத் தேயக் கால் வில்லாக வளைகிறது. கோடு உட்பக்கமாக நகர்கிறது. அதனால் சுமை மேலும் உட்பக்கத்திலேயே விழுகிறது. தேய்வு இன்னும் விரைகிறது. நோயே நோயை வளர்க்கும் இச்சுழலை உடைப்பதே மருத்துவத்தின் வேலை.

அறுவைக்கு முன்னர்ச் செய்யத்தக்கவை பல உண்டு. எடையில் ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை ஏறத்தாழ நான்கு கிலோ குறைகிறது என 2005-இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. நாற்றலைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் வலியைக் குறைக்கின்றன. கைத்தடியை வலியுள்ள காலின் பக்கம் பிடிப்பதே நம்மவர் வழக்கம். எதிர்ப்பக்கக் கையில் பிடிப்பதே முறை. இவை பயனளிக்காமல், இரவிலும் வலி உறங்கவிடாமல், நூறு அடி நடப்பதும் அரிதாகும்போதுதான் மூட்டு மாற்றம் பேசப்பட வேண்டும்.

செயற்கை மூட்டின் வரலாறு

1890-இல் பெர்லின் நகரில் தெமிஸ்டோக்ளிஸ் குளுக் என்னும் அறுவை மருத்துவர், காசநோயால் அழிந்த முழங்காலுக்குத் தந்தத்தால் செய்த கீல் ஒன்றைப் பொருத்தினார். கிருமித் தொற்றால் அம்முயற்சி நிலைக்கவில்லை. 1951-இல் சுவீடனைச் சேர்ந்த வால்டியஸ் கீல் வகைச் செயற்கை மூட்டைப் பொருத்தினார். முன்னர்ச் சொன்னது போல முழங்கால் வெறும் கீல் அன்று. திருகும் இயக்கத்துக்கு இடமில்லாத கீல், எலும்பிலிருந்து தளர்ந்து விடுபட்டது.

1960-களில் இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் ஜான் சார்ன்லி, உலோகம், பாலிஎத்திலீன், எலும்புச் சிமென்ட் ஆகிய மூன்றையும் கொண்டு இடுப்பு மூட்டு மாற்றத்தில் பெரும் வெற்றி கண்டார். அங்கே பயிற்சி பெற்ற கனடா நாட்டவரான பிராங்க் கன்ஸ்டன், அதே கோட்பாட்டை 1968-இல் முழங்காலுக்குக் கொண்டுவந்தார். எலும்புகளைக் கீலால் பிணைக்காமல் முனைகளுக்கு மட்டும் புதிய மேற்பரப்பைத் தருவது அவர் வழி. 1974-இல் நியூயார்க்கில் இன்சால், இரணாவத், வாக்கர் ஆகியோர் உருவாக்கிய செயற்கை மூட்டு முதன்முதலாகப் பொருத்தப்பட்டது. இன்றைய மூட்டுகள் பலவற்றுக்கு அதுவே முன்னோடி.

இவர்களுள் சித்தரஞ்சன் இரணாவத் இந்தியாவில் பிறந்து மருத்துவம் பயின்றவர். 2000 அக்டோபரில், அன்றைய பிரதமர் அடல் பிகாரி வாச்பாய்க்கு மும்பை பிரீச் கேண்டி மருத்துவமனையில் ஒரு முழங்காலிலும், 2001 ஜூனில் மற்றொன்றிலும் மூட்டு மாற்று அறுவையை நடத்தியவர் அவரே. செய்தித்தாள்கள் நாள்தோறும் எழுதிய அந்நிகழ்ச்சிக்குப் பின்னர்தான் "முழங்கால் மாற்றுவது" என்னும் பேச்சு நம் நாட்டின் சிற்றூர்களையும் எட்டியது எனலாம்.

"மூட்டு மாற்றம்" என்னும் பெயரைக் கேட்டதும் முழங்காலையே கழற்றி எறிந்து புதியதை மாட்டுவதாகப் பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் எலும்பு முனைகளிலிருந்து பெரும்பாலும் ஒரு சென்டிமீட்டர் அளவே சீவி எடுக்கப்படுகிறது. தொடை எலும்பின் முனைக்குக் கோபால்ட்–குரோமியக் கலவை உலோகத்தில் ஓர் உறை. கீழ்க்கால் எலும்பின் மேல் ஓர் உலோகத் தட்டு. இரண்டுக்கும் இடையே பாலிஎத்திலீன் தகடு. பல்லுக்கு உறை போடுவதைப் போன்றது இது என்றால் பொருந்தும்.

வழக்கமான முறை

வழக்கமான அறுவையில் முழங்காலின் முன்புறம் இருபது சென்டிமீட்டரோ அதற்கு மேலுமோ நீளமாகத் தோல் கீறப்படுகிறது. பின்னர் நாற்றலைத் தசையின் நாண் நெடுக்கில் பிளக்கப்பட்டு, சில்லு வெளிப்புறமாகப் புரட்டி ஒதுக்கப்படுகிறது. மூட்டு முழுவதும் விளக்கொளியில் திறந்து கிடக்கும். மருத்துவர் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் கண்டு, தூக்குக்குண்டுக் கோடு நடுவில் விழுமாறு எலும்பைச் சீவி, உறைகளைப் பொருத்தி, நாணை மீண்டும் தைக்கிறார்.

பார்வை தெளிவாக இருப்பது இம்முறையின் பெருஞ்சிறப்பு. காலை நீட்டும் வடத்தையே பிளந்து தைப்பது இதன் குறை. தைத்த வடம் ஆறும்வரை காலைத் தூக்குவது கடினம், வலியும் மிகுதி.

சிறு கீறல் முறை

இக்குறையைப் போக்க எழுந்ததே சிறு கீறல் முறை. அமெரிக்காவில் ஜான் ரெப்பிச்சி 1990-களில் முழங்காலின் ஒரு பாதியை மட்டும் மாற்றும் அறுவையைச் சிறு கீறல் வழியே செய்து காட்டினார். இங்கிலாந்தின் ஆக்சுபோர்டில் குட்ஃபெல்லோ என்னும் மருத்துவரும் ஓ'கானர் என்னும் பொறியியல் அறிஞரும் கூடி உருவாக்கிய பாதி மூட்டு, 1998 முதல் சிறு கீறலுக்கு ஏற்ற கருவிகளோடு வந்தது. இரண்டாயிரத்தின் தொடக்க ஆண்டுகளில் இம்முறை முழு மூட்டு மாற்றத்துக்கும் விரிந்தது.

பெயரில் "சிறு கீறல்" என்றிருப்பினும் இம்முறையின் உயிர் தோலில் இல்லை. உள்ளே உள்ள தசையில் இருக்கிறது. அதன் கூறுகளைக் கீழ்வருமாறு தொகுக்கலாம்.

முதலாவது, தோல் கீறல் ஏறத்தாழ பத்து முதல் பதினைந்து சென்டிமீட்டர் அளவில் அடங்குகிறது.

இரண்டாவது, நாற்றலைத் தசையின் நாண் வெட்டப்படுவதில்லை. அல்லது மிகச் சிறிதளவே வெட்டப்படுகிறது. உட்புறத் தசையைக் கீழிருந்து தூக்கி ஒதுக்குவது ஒரு வழி. அதன் இழைகளை அவை ஓடும் திசையிலேயே சிறிது விலக்குவது மற்றொரு வழி.

மூன்றாவது, சில்லு புரட்டப்படுவதில்லை. பக்கவாட்டில் தள்ளி வைக்கப்படுகிறது.

நான்காவது, கருவிகள் சிறியவை. மூட்டு முழுவதையும் ஒரே நேரத்தில் பார்க்க இயலாது என்பதால் காலை மடக்கியும் நீட்டியும் கீறலையே ஒரு நகரும் சாளரமாக்கி, ஒரு நேரத்தில் ஒரு பகுதியைக் கண்டு வேலை செய்கின்றனர்.

ஒரு தெளிவை இங்கே சொல்லியாக வேண்டும். இதனைத் "துளை போட்டுச் செய்யும் அறுவை" என்று சிலர் எண்ணுகின்றனர். அஃது ஒரு சிறு துளை வழியே குழாயைச் செலுத்தி மூட்டின் உள்ளே பார்க்கும் முறை, அது வேறு. உள்ளங்கை அகல உலோக உறையைத் துளை வழியே செலுத்த இயலாது. சிறு கீறல் முறையிலும் சீவப்படும் எலும்பு அதே அளவு. பொருத்தப்படும் உறையும் அதே அளவு. சுருங்குவது வாசல் மட்டுமே, வீடு அன்று.

நன்மைகளும் வரம்புகளும்

வழக்கமான முறையையும் சிறு கீறல் முறையையும் ஒப்பிட்டுப் பல நாடுகளில் ஆய்வுகள் நடந்துள்ளன. அவற்றின் போக்கைத் தொகுத்தால் ஒரு தெளிவான படம் கிடைக்கிறது. முதற்சில வாரங்களில் சிறு கீறல் முறையில் சிகிச்சை பெற்றவர்கள் காலை விரைவில் தூக்குகின்றனர், விரைவில் மடக்குகின்றனர். ஆறு மாதம், ஓராண்டு என நாள் செல்லச் செல்ல இரு சாராருக்கும் வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மறுபக்கத்தில், அறுவைக்கு ஆகும் நேரம் கூடுகிறது. பார்வை குறுகுவதால் உறைகள் சற்றே சாய்ந்து பொருந்தும் வாய்ப்பு உண்டு. சாய்ந்த மூட்டு தூக்குக்குண்டு பிடிக்காமல் மாட்டிய கதவைப் போன்றது. முதல் நாள் திறக்கும், பத்தாம் ஆண்டில் இழுபடும். சிறு வாசலை அகட்டி அகட்டிப் பிடிப்பதால் தோலின் ஓரம் நசுங்கிப் புண் ஆறத் தாமதமாவதும் உண்டு. இம்முறையில் கைதேர நெடும்பயிற்சி வேண்டும். மிகுந்த பருமன் உடையவர், கால் பெரிதும் வளைந்தவர், மூட்டு இறுகி மடங்காதவர், அதே முழங்காலில் முன்னர் அறுவை செய்துகொண்டவர் ஆகியோருக்கு இது பொதுவாக ஏற்றதன்று.

இன்னொரு நுட்பமும் உண்டு. சிறு கீறல் முறை பரவிய அதே ஆண்டுகளில் வேறு மாற்றங்களும் உடன் வந்தன. வலியைப் பல மருந்துகளால் முன்கூட்டியே அடக்குதல், மூட்டைச் சுற்றியே மருந்தைச் செலுத்துதல், இரத்த இழப்பைக் குறைக்கும் மருந்து, அறுவை நடந்த அன்றோ மறுநாளோ எழுந்து நிற்க வைத்தல், நோயாளிக்கு முன்னதாகவே பயிற்சி கற்பித்தல் ஆகியன அவை. விரைவில் நடந்த பெருமையில் பெரும்பங்கு இவற்றைச் சேரும். இவை அனைத்தையும் வழக்கமான கீறலோடும் செய்யலாம். இன்று செய்தும் வருகின்றனர். ஒரு சோதனையில் பல காரணிகளை ஒருசேர மாற்றிவிட்டு விளைவை ஒன்றுக்கு மட்டும் உரியதாக்கக் கூடாது என்று நம் ஆய்வகத்தில் முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள். அப்பாடம் இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஒரு வீட்டு அனுபவம்

இப்பொருளை நான் தேடிப் படிக்க நேர்ந்தது எங்கள் அப்பத்தாவின் பொருட்டு. வலப்பக்க முழங்கால் வில்லாக வளைந்து, வாசலுக்கும் அடுப்படிக்கும் இடையே சுவரைப் பிடித்து நடந்து கொண்டிருந்தார். விளம்பரங்களைப் பற்றி யாரோ சொல்லக் கேட்டு, "கீறல் சின்னதுன்னா வலியும் சின்னதாத்தான இருக்கும்யா?" என்று என்னைக் கேட்டார். அவரைப் பரிசோதித்த மருத்துவர் எக்ஸ்-கதிர்ப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டி, "இவ்வளவு வளைவை நேராக்க எனக்கு நல்ல பார்வை வேண்டும், தழும்பைப் பார்த்து யாரும் நடப்பதில்லை" என்றார். அவ்வாறே சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்த பின்னர் வழக்கமான முறையில் அறுவை நடந்தது. தழும்பு ஒரு சாண் நீளம்.

உண்மையான போராட்டம் வீட்டுக்கு வந்த பின்னரே தொடங்கியது. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "அறுத்த காலை அசைக்காதீக" என்றனர். மருத்துவமனையிலோ நாளும் மும்முறை மடக்கி நீட்டச் சொல்லியிருந்தனர். முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து அழுத்திப் பத்து எண்ணுதல், கட்டில் விளிம்பில் அமர்ந்து காலைப் பின்னுக்கு இழுத்தல், சுவரோரம் நின்று குதிகாலைத் தூக்குதல் ஆகியவையே பயிற்சிகள். முதல் இரண்டு வாரங்கள் அப்பத்தா கண்ணீரோடு செய்தார். என் தங்கை அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொன்னாள். ஆறாம் வாரத்தில் தடியோடு தெருமுனை வரை நடந்தார். மூன்றாம் மாதத்தில் தடி மூலையில் சாய்ந்தது.

ஆனால் எல்லாம் திரும்பிவிடவில்லை. நாற்காலியில் அமர்ந்து எழத் தொண்ணூறு முதல் நூறு பாகை வரை முழங்கால் மடங்கினால் போதும். செயற்கை மூட்டு பெரும்பாலும் நூற்றுப் பத்து, நூற்றிருபது பாகை வரை மடங்குகிறது. குத்துக்காலிட்டு அமர நூற்று முப்பதுக்கு மேல் வேண்டும். நாற்காலியை மையமாகக் கொண்ட நாடுகளில் பிறந்த இம்மருத்துவம், பாயில் அமர்ந்து உண்டு, தரையில் குந்திக் கோலமிடும் நம் வாழ்க்கையோடு இன்னும் முழுதாக உடன்படவில்லை. மிகுதியாக மடங்குமாறு வடிவமைத்த மூட்டுகள் வந்திருப்பினும், அறுவைக்குப் பின் குந்துவதையும் சம்மணமிடுவதையும் மருத்துவர்கள் பொதுவாகத் தவிர்க்கச் சொல்கின்றனர். எங்கள் வீட்டில் கழிப்பறையை மாற்றினோம். விருந்து நாளில் அனைவரும் பாயில் அமர, அப்பத்தா மட்டும் நாற்காலியில் அமர்வது அவருக்கு இன்றும் குறையே. கோலத்தை நின்றபடி சொல்கிறார், தங்கை இடுகிறாள். அறுவைக்கு முன்னரே இதனை ஒவ்வொரு குடும்பத்துக்கும் எடுத்துச் சொல்ல வேண்டும். கீறலின் நீளத்தைவிட இச்செய்தி அவர்களுக்குப் பெரிது.

செலவும் வாய்ப்பும்

2017 ஆகஸ்டு 16 அன்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் செயற்கை முழங்கால் மூட்டுகளுக்கு உச்ச விலையை நிர்ணயித்தது. அதுவரை சராசரியாக ஒன்றரை இலட்சம் ரூபாய்க்கு மேல் விற்ற கோபால்ட்–குரோமிய மூட்டின் விலை வரி நீங்கலாக ரூ. 54,720 ஆயிற்று. டைட்டேனிய வகைக்கு ரூ. 76,600 என வரையறுத்தனர். மூட்டின் விலைக்கே கட்டுப்பாடு வந்தது. மருத்துவமனையின் பிற கட்டணங்கள் வேறு.

தமிழகத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2012 முதல் நடைமுறையில் உள்ளது. அதன்கீழ் அரசு மருத்துவமனைகளில் ஏழை எளியோருக்கும் மூட்டு மாற்று அறுவை கிட்டுகிறது. நம் மதுரை மக்கள் "பெரியாஸ்பத்திரி" என அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையிலும் இவ்வறுவை நடைபெறுகிறது. இருப்பினும் அவனியாபுரத்திலிருந்து வையையைக் கடந்து அங்கே செல்ல ஒரு முதியவர் பெரியார் நிலையத்தில் இறங்கி வேறு பேருந்து மாற வேண்டும். அறுவைக்கு ஒருமுறை செல்வது எளிது. அதன் பின்னர்ப் பயிற்சிக்காகப் பலமுறை செல்வது அரிது. பயிற்சியைப் பாதியில் விட்டால் மூட்டு இறுகிவிடும். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இயன்முறைப் பயிற்சி பரவலாகக் கிடைத்தால், அது எத்தனை சிறு கீறலைவிடவும் மிகுந்த பயன் தரும் என்பது என் எண்ணம்.

எதிர்பார்ப்பும் உண்மையும்

மாற்றிய மூட்டு எத்தனை ஆண்டு உழைக்கும்? முழு மூட்டு மாற்றங்களில் ஏறத்தாழ 82 விழுக்காடு இருபத்தைந்து ஆண்டுகள் நிலைத்திருந்தன எனப் பதிவேடுகளை ஆராய்ந்த கட்டுரை ஒன்று 2019-இல் வெளியாயிற்று. பாதி மூட்டு மாற்றத்துக்கு அது ஏறத்தாழ 70 விழுக்காடு. இவை நம்பிக்கை தரும் எண்கள்.

அதே வேளையில், கிருமித் தொற்று நூற்றில் ஓரிருவருக்கு வரலாம். காலின் இரத்தக் குழாயில் இரத்தம் உறையலாம். ஐவரில் ஒருவர் அளவில் அறுவைக்குப் பின்னும் முழு மனநிறைவு பெறுவதில்லை என மேனாட்டு ஆய்வுகள் கூறுகின்றன. ஆதலின் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் "கீறல் எத்தனை அங்குலம்?" என்பதோடு நிற்கலாகாது. இப்போதே அறுவை வேண்டுமா? என் காலின் வளைவுக்கு எந்த முறை ஏற்றது? இம்முறையைத் தாங்கள் எத்தனை பேருக்குச் செய்துள்ளீர்கள்? அறுவைக்குப் பின் எனக்குப் பயிற்சி கற்பிப்பவர் யார்? இந்நான்கையும் கேட்ட பின்னரே கீறலின் அளவைக் கேட்க வேண்டும்.

முடிவுரை

சிறு கீறல் முறை பொய்யன்று. அறுவை மருத்துவத்துக்கு அது ஒரு நல்ல பாடத்தைக் கற்பித்தது. தசையை மதிக்க வேண்டும், நாணை வீணே வெட்டக் கூடாது என்னும் அப்பாடம் இன்று எல்லா முறைகளிலும் கலந்துவிட்டது. ஏற்ற நோயாளிக்குக் கைதேர்ந்தவர் செய்தால் முதல் சில வாரங்களின் துன்பம் குறையும். அதுவே அதன் எல்லை. பல ஆண்டுகள் நடப்பதற்கு வேண்டியவை மூன்று: நேராகப் பொருந்திய மூட்டு, வலுவான தசை, விடாத பயிற்சி. இவற்றுள் முதலாவது மருத்துவர் கையில். மற்ற இரண்டும் நோயாளியின் கையிலும், அவர் அருகில் அமர்ந்து எண்ணிக்கை சொல்லும் வீட்டார் கையிலும் உள்ளன.

மாணவ நண்பர்களே, நம் வீட்டு முதியவர்கள் விளம்பரத்தையும் படிக்கிறார்கள், நம்மையும் கேட்கிறார்கள். பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளை சொன்னால் சரியாக இருக்கும் என்று நம்புகிறார்கள். அந்நம்பிக்கைக்கு உரியவர்களாக, எதையும் அளந்து பார்த்து, ஒப்பிட்டுப் பார்த்து, பின்னரே விடை சொல்லப் பழகுவோமாக.